நரிமுகச் சாமியின் சுவர்

நீங்கள் கொடுத்தனுப்பிய ரொட்டியில் மணலே இல்லை, எழுத்தர் ஐயா. எங்கள் மலையடிவாரத்து ஊரில் மாவில் பாதி மணல்தான். நாற்பது வயதுக்குள் பல் தேய்ந்து ஈறு தெரிந்துவிடும். இன்று வலியில்லாமல் மென்று சாப்பிட்டேன். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் பஷேது. மன்னர்களின் கல்லறைச் சுவர்களில் ஓவியம் தீட்டுகிறவன். என் தம்பி நெப்ரேவுக்கும் அதே வேலை. எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு கல்லறையை இருவரும் ஓய்வு நாட்களில் குடைந்து முடித்திருந்தோம். மேலறைச் சுவர் எனக்கு, கீழறைச் சுவர் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு சுவரிலும் அனுபிஸ். இறந்தவனைக் கைப்பிடித்து, அவன் இதயத்தை நிறுத்துப் பார்க்கும் தராசிடம் அழைத்துப்போகும் நரிமுகச் சாமி.

என்னுடையதை நான் முதலில் முடித்தேன். தலை முதல் கால் வரை பதினெட்டு அளவுக் கட்டம், ஒன்றிலும் பிசகில்லை. பெரிய மேஸ்திரி கஹா பார்க்க வந்தார். அப்போது தலைமை ஓவியன் இடம் காலியாக இருந்தது. அதற்கு ஆள் பார்க்கத்தான் வந்தார் என்பது எங்களுக்குத் தெரியும்.

விளக்கைத் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல பஷேது. ஆனா எவனோ ஒருத்தன் நரித்தலைய மாட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்குப்பா. எப்ப கழட்டுவான்னு தோணுது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு கீழறைக்கு இறங்கினார். அங்கே நெப்ரே வெறும் கோடுகள்தான் போட்டிருந்தான், வர்ணம் இன்னும் ஏறவில்லை. மேஸ்திரி மேலே வந்தபோது சிரிப்பு இல்லை.

"கீழ நிக்கிறது மூச்சு விடுதுய்யா. திருவிழா முடியட்டும், அவன் வர்ணத்த முடிக்கட்டும். பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

எனக்குப் பொறாமை இல்லை. தம்பியைப் புகழ்ந்தால் அது அண்ணனுக்கும் சேர்ந்ததுதான். அன்று என் பங்கு பீரையும் அவனுக்கே ஊற்றிக் கொடுத்தேன். அவன் மனைவி ஹூன்ரோவைக் கேளுங்கள்.

ஓபெத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனது. ஹூன்ரோவும் பிள்ளைகளோடு போனாள். நெப்ரே வேலையை முடிக்க வேண்டும் என்று தங்கினான். அவனுக்குத் துணையாக நானும் தங்கினேன்.

இரண்டாம் நாள் காலையில் கீழறைக்கு இறங்கும் வழியில் பாறை சரிந்தது. நான் தள்ளவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மேலறையில் வர்ணம் அரைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் வழி முழுவதும் மூடியிருந்தது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஒரு சந்து இருந்தது.

"அண்ணே, கை கால் நல்லாத்தான் இருக்கு. வெளிய வரத்தான் வழியில்ல" என்று அவன் குரல் வந்தது. பிறகு சிரித்தான். "சாகறதுக்கு முந்தியே சொந்தக் கல்லறையில குடியேறுன மொத ஆளு நான்தான்."

காவல்காரர்களைக் கூட்டி வரச் சொன்னான். நாலு பேர் கடப்பாறை போட்டால் அரை நாள் வேலை என்றான். சரியான கணக்குதான். மலை முகட்டில் காவல் குடிசை இருக்கிறது, அதிக தூரமில்லை. நான் கிளம்பவும் செய்தேன். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். அவர்கள் வந்தால் இவன் வெளியே வந்துவிடுவான். பயந்த மனிதன் மறுபடி அந்த அறைக்குள் இறங்குவானா? ஓவியம் அரைகுறையாகவே நின்றுபோகும். அப்படி ஒரு ஓவியம் பாதியில் நிற்பது எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்தேன்.

"காவக்காரனுங்களும் அக்கரைக்குப் போயிட்டானுங்கடா. நாலஞ்சு நாள்ல வந்துருவானுங்க. திரி தர்றேன், வர்ணம் தர்றேன். சும்மா உக்காந்தா பயம் வரும், நீ பாட்டுக்கு வரை" என்றேன்.

சந்து வழியாக ரொட்டி, வெங்காயம், தண்ணீர், எண்ணெய், திரி எல்லாம் கொடுத்தேன். ஒன்றும் குறை வைக்கவில்லை. அவனும் நன்றாகவே இருந்தான். "காதுக்குள்ள போட மஞ்சள் குடுண்ணே" என்பான். "கரி இன்னும் கொஞ்சம் நைசா அரைச்சுக் குடு" என்பான். அவன் கேட்டபடி அரைத்துக் கொடுத்தேன். தூங்கி எழுந்ததும் பாட்டுகூடப் பாடினான்.

"ஹூன்ரோகிட்ட சொல்லி அனுப்பினியா?" என்று ஒருமுறை கேட்டான்.

"சொல்லியாச்சு."

"அழுதிருப்பாளே."

"திட்டினாளாம்."

"அப்ப சரி, நல்லாத்தான் இருக்கா" என்று சிரித்தான். பிறகு, "சாமி கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற ஆளு யாருன்னு மட்டும் கேக்காத. நீயே வந்து பாரு" என்றான்.

ஐந்தாம் நாள், "அண்ணே, முடிஞ்சிருச்சு" என்றான். அவன் குரலில் அவ்வளவு நிறைவை நான் கேட்டதேயில்லை. "நல்லா வந்திருக்குண்ணே. நீ பாத்தா திட்டமாட்ட."

தூரிகைகளையும் வர்ணக் கிண்ணங்களையும் திருப்பித் தரச் சொன்னேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கழுவி ஒவ்வொன்றாகச் சந்து வழியாக நீட்டினான். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். பிறகு கல்சில்லுகளை அடைத்து அதன்மேல் சாந்து பூசத் தொடங்கினேன்.

"என்னண்ணே பண்ற?"

"காத்து அடிக்குது. விளக்கு அணைஞ்சிரும்."

"சரிண்ணே" என்றான்.

இரண்டு நாள் மேலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். போயிருக்கலாம், ஆனால் தனியாக விட மனம் வரவில்லை. தட்டுகிற சத்தம் முதலில் அடிக்கடி வந்தது, பிறகு விட்டுவிட்டு வந்தது. அது நின்ற பிறகு சாந்தைப் பெயர்த்துவிட்டுக் காவல்காரர்களை அழைத்து வந்தேன். ஓவியத்தை நான் முடித்துவிட்டதாகவும், தம்பி தரையைப் பெருக்க இறங்கியபோது பாறை சரிந்ததாகவும் சொன்னேன். தூரிகைகளெல்லாம் என்னிடம்தானே இருந்தன. நம்பினார்கள். அவன் சொன்ன மாதிரியே அரை நாளில் வழி திறந்தது.

முதலில் நான்தான் உள்ளே போனேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சுவரில் அனுபிஸ். வெள்ளம் வடிந்த வண்டல் மாதிரி ஈரக் கறுப்பு. நரியின் கழுத்து எங்கே முடிகிறது, மனிதத் தோள் எங்கே தொடங்குகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேஸ்திரி சொன்னது பொய்யில்லை.

சாமி கையைப் பிடித்திருந்த மனிதன் நான். பல்வலியில் வீங்கிய இடது கன்னத்தைக்கூட விடவில்லை அவன். தலைக்குமேல் எழுதியிருந்தான்: 'பஷேது. இவன் பெயரை வாழவைப்பவன் இவன் தம்பி நெப்ரே.'

காவல்காரர்களுக்கு எழுத்துத் தெரியாது. உடலை அவர்கள் மேலே தூக்கிப் போனபோது நான் பின்தங்கி, அவன் பெயரை உளியால் சுரண்டினேன். பெயர் அழிந்தவன் மறு உலகில் யாருமில்லாதவன் ஆகிவிடுவான் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவனை அப்படி ஆக்கவேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை. பெயர் இருந்தால் ஓவியம் அவனுடையது ஆகிவிடும். வேறு வழி தெரியவில்லை. ஆனால் அவன் பெயரில் 'ரே' என்ற சூரியக் கடவுளின் வட்டம் வருகிறது அல்லவா, அதை மட்டும் சுரண்டக் கை வரவில்லை. நான் தெய்வபயம் உள்ளவன்.

தலைமை ஓவியன் இடம் எனக்குக் கிடைத்தது. தம்பியின் உடலுக்கு எழுபது நாள் சடங்கையும் முறையாகச் செய்தேன், நல்ல துணியில் சுற்றச் சொன்னேன். அடக்கம் செய்யும் நாளில் ஹூன்ரோ கீழறைக்கு இறங்கி வந்தாள். அழவில்லை. சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இத வரைஞ்சது நீயா, மூத்தாரே?"

"ஆமா."

"அப்ப இங்க எதுக்குச் சுரண்டியிருக்கு?"

"எழுத்துல ஒரு பிழை."

"இருவது வருஷமா செத்தவங்க பேரா எழுதித் தள்ளுற. உன் தலைக்கு மேல எழுதறப்ப மட்டும் கை வழுக்கிருச்சாக்கும்?" என்றாள். விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா என் கண்ணாடிப் பிடியில அவரு பேர அவரே செதுக்கிக் குடுத்திருக்காரு. தெனமும் கையில பிடிக்கிறேன். இந்த வட்டம் எனக்குத் தெரியாதா?"

பிறகு மேல்நோக்கி, "மேஸ்திரி, கொஞ்சம் எறங்கி வாங்க" என்று கூப்பிட்டாள். அவ்வளவு மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் தம்பியை நான்தான் கொன்றேன். அவன் பெயரையும் நான்தான் அழித்தேன். அமுன் மேல் ஆணை, மன்னர் மேல் ஆணை. பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள், அது உண்மையில்லை. தண்டனை எதுவானாலும் சரி. என் உடலை எரித்துச் சாம்பலை ஆற்றில் விடுவார்கள் என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். உடல் இல்லாதவனுக்கு மறு உலகம் இல்லை என்பது தெரியும். எனக்குப் பயமில்லை ஐயா. சந்தேகம் இருந்தால் ஒருமுறை கீழறைக்கு இறங்கிப் பாருங்கள். சாமி என் கையைத்தான் பிடித்திருக்கிறார். குற்றவாளி கையை அவர் பிடிப்பாரா?