மேல் கழுத்துக்கு வேலை

இரட்டைக் கழுத்துக் கிட்டார் வாங்குகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது முதுகைப் பற்றித்தான், அய்யா. நான் யோசிக்கவில்லை. ஆறரைக் கிலோ. வெயிலில் நாலு மணி நேரம் ஊர்வலத்தோடு நடந்தால் தோளில் வார் பதிந்த இடம் தோல் உரிந்துபோகும்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்கிறீர்கள். அங்கேதான் வருகிறேன். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் எழுத வசதி.

எங்கள் ரோயெட் மாகாணத்துப் பக்கம் பையனைப் புத்த மடத்துக்குத் துறவியாக ஊர்வலமாய் அனுப்பும் வீட்டுக்காரர்கள் சந்த்ரா அக்காவின் ஒலிபெருக்கி வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி ஊர்ந்து போகும், கூடவே ஊரே ஆடிக்கொண்டு வரும். அதில் நான் கிட்டார். என் தங்கை லம்யையின் புருஷன் தவின், பிண். பிண் எங்கள் மூன்று தந்தி வாத்தியம். ஜனங்களை ஆட வைப்பது அதுதான். கிட்டார் ஓரமாக நின்று ஒத்து ஊதும், அவ்வளவுதான். பிண் வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் வேலையாக இருப்பதால் ஊர்ப் பெண்கள் அரிசிச் சாராயத்தை அவன் வாயிலேயே ஊற்றிவிடுவார்கள். எனக்கும் இரண்டு கையும் வேலையாகத்தான் இருந்தது. பதினோரு வருடத்தில் ஒருத்தியும் ஊற்றவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அதற்காகத்தான் இந்தக் கிட்டாரைச் செய்யச் சொன்னேன். மேல் கழுத்து பிண், கீழ்க் கழுத்து கிட்டார், எது பேச வேண்டும் என்று மாற்ற ஒரு சின்ன ஸ்விட்ச். சிவப்பு உடம்பு, மேல் கழுத்தின் நுனியில் செதுக்கிய நாகத் தலை. அதை மாட்டிக்கொண்டு போய் நின்றதும் சந்த்ரா அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"அடேங்கப்பா, ராஜா மாதிரி இருக்கேடா கம்பேன்! ஆனா மேல இருக்கிறதை மூடி வை. பிண்ணுக்குத்தான் தவின் இருக்கானே."

"ரெண்டையும் நானே வாசிப்பேன், அக்கா."

"கழுத்து ரெண்டு, சரி. கை ரெண்டுதானேடா இருக்கு? நீ பிண்ணைத் தொட்டா, கிட்டாரை உங்க அப்பனா வந்து வாசிப்பான்?"

தவினும் சிரித்தான். "விடுங்க அக்கா, மச்சான் தோளுக்கு நல்ல உடற்பயிற்சி." நல்ல பையன், எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டான். நானும் சிரித்தேன்.

ஒரு வருடம் மேல் கழுத்தைச் சும்மா சுமந்தேன். தினமும் சுருதி சேர்ப்பேன், தந்தியைத் துடைப்பேன், ஸ்விட்சைக் கீழே தள்ளிவிட்டுப் புறப்படுவேன். நல்ல வாத்தியத்தை ஊமையாக வைத்திருப்பது பாவம். நீங்கள் வாத்தியக்காரர் இல்லை, உங்களுக்குப் புரியாமல் போகலாம்.

வண்டியின் பின்கதவு இரும்பு. போன வருடம் ஒரு நாள் தவின் ஏறி உட்கார்ந்து விளிம்பைப் பிடித்திருந்தான். நான் கதவைத் தூக்கி அடைத்தேன். கை இருந்தது தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தெரியும். இடது கைதானா என்றும் பார்த்துக்கொண்டேன். தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். மற்றக் கையாக இருந்திருந்தால் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன்.

அவன் கையைப் பீர்ப் பெட்டி ஐஸில் புதைத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டியது நான்தான். லம்யை கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். "நீ மட்டும் இல்லேன்னா இவரு கதி என்ன ஆயிருக்கும், அண்ணே?" என்றாள். அதுவும் வாஸ்தவம்தானே.

பிறகு மேல் கழுத்து பேசியது. கீழ்க் கழுத்தை மூடச் சொல்லிவிட்டு அக்கா கிட்டாருக்கு வேறொருவனை வைத்துக்கொண்டார். பெண்கள் குப்பியோடு என் பக்கம் வருவார்கள். "தவின் தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டு, குப்பியோடு போய்விடுவார்கள்.

வாரம் ஒரு தடவை சுட்ட மீன் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு நாள், பிண்ணைத் திருப்பிப் பிடித்து உட்கார்ந்திருந்தான். மடங்காத இடது கையில் மீட்டுகிற சில்லைத் துணியால் கட்டிக்கொண்டு, வலது கையால் தந்தியை அழுத்திக்கொண்டிருந்தான். குழந்தை வாசிப்பது மாதிரி இருந்தது.

"வந்துடுமா, மச்சான்?"

"வரும் வரும்" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். மூன்று மாதத்தில் வந்தே விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் அக்கா அவனை முன்னால் நிறுத்தினார். "நீ கீழ்க் கழுத்துக்கே போயிடுடா கம்பேன், அது உனக்குப் பழகினதுதானே" என்றார். பெண்கள் அழுதுகொண்டே ஆடினார்கள். அத்தனை குப்பியும் அவன் வாய்க்குத்தான் போனது. அவன் ஒரு வாய் விழுங்கிவிட்டு, "எங்க மச்சானுக்கும் ஊத்துங்க அக்கா, என்னைக் காப்பாத்தினதே அவருதான்!" என்று கத்தினான். ஊற்றினார்கள். அவன் சொன்னான் என்பதற்காக ஊற்றினார்கள். எனக்கு வயிறு எரிந்தது அய்யா, வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

இடது கையால் எதையும் பிடிக்க முடியாதவன், திரும்பும்போது வண்டியில் ஏறி வலது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் கேட்டது இந்தக் கையைப் பற்றி. ஆமாம், பார்த்துத்தான் கதவை அடைத்தேன். கையை எடு என்று சொல்ல நேரம் இருந்தது. "கெட்டியாப் பிடிச்சுக்கோ, மாப்ளே" என்றுதான் சொன்னேன்.

எழுதிக்கொண்டீர்களா? லம்யை ஸ்டேஷனுக்கு வெளியே நிற்பாள். அவள் புருஷன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். குடும்பம் என்றால் யாராவது ஒருவர் பெரிய மனசு பண்ணத்தானே வேண்டும்.