பழைய துருத்திக்காரன் கள்ளனா?

அறுவத்தோரு பேரு நல்லவன், நல்லவன்னு எழுதி வச்சிருக்கினும் மக்கா. அறுவத்தோரு பேரு! அதுலயாக்கும் எனக்கு மொதல்ல சம்சயம் வந்தது. நாப்பது வருசமா ஒரே கோயிலுக்குப் போறேன், என்னை நல்லவள்னு சொல்ல அங்க ஆறு பேரு தெகைய மாட்டினும்... நீ கொஞ்சம் ஒதுங்கி இரி, எனக்க பேக்கு இஞ்ச இருக்கட்டும். ஆ, அம்மட்டு எடம் மதி. நானும் நெய்யாற்றின்கரைக்குத்தான். இன்டர்நெட் கடைக்கு.

என்ன அப்பிடிப் பாக்க? அறுவத்தஞ்சு வயசுக்காரிக்கு அங்க என்ன காரியம்னா? உண்டு. நான் சுகிர்தபாய், ரிட்டயர்டு டீச்சர். பாறசாலையில எங்க வேதக் கோயில்ல ஆர்கன் வாசிக்கியது நானாக்கும். காலால சவுட்டிக் காத்தடிச்சு வாசிக்கியது, மிஷன் காலத்துச் சாதனம். அதுல ரெண்டு ரீடு ஒடஞ்சு போச்சு. ரீடுன்னா உள்ள இருக்க பித்தளை நாக்கு, காத்து அதுல தட்டித்தான் சத்தம் வரும். ரெண்டு நாக்கில்லாம ரெண்டு வருசம் வாசிச்சேன். பாட்டுல அந்த எடம் வந்தா சத்தம் காணாது. சனங்க இப்ப அந்த எடத்துல மூச்சு எடுக்கப் படிச்சிட்டினும்.

கமிட்டி செக்ரட்டரி ஜெயசிங்குக்கு அது பிடிக்கல்ல. கரண்டுல குத்தி வாசிக்கிய கீபோர்டு வாங்கணுமாம். பட்டனை அமுக்கினா அதுவே கொட்டும் அடிக்குமாம். பின்ன ஆளு என்னத்துக்கு? கீபோர்டு வந்தா எனக்க ஸ்டூலை எடுத்து வெளிய வைப்பான், கேட்டியா. முப்பத்திரண்டு வருசம் நான் இருந்த ஸ்டூலு.

அப்பதான் எனக்க மோளு ஜிஜா... அமெரிக்காவுல நர்சாக்கும்... போன்ல சொன்னா, "அம்மா, கம்ப்யூட்டர்ல ஏலம் போடுகினும், பழைய ஆர்கன் ரீடெல்லாம் கெடக்கு"ன்னு. எனக்கு ஏலம் தெரியாதா? அறுப்புப் பண்டிகைக்குக் கோயில் முத்தத்துல வாழக்குலையும் கோழியும் ஏலம் போடுவினுமே. குலையைத் தட்டிப் பாக்கலாம். கோழியத் தூக்கிப் பாக்கலாம். விக்கியவனுக்க மூஞ்சியப் பாக்கலாம். இதுல என்ன உண்டு? மங்கின போட்டோ ஒண்ணு. ஆளுக்குப் பேரு கூட இல்ல. 'ஓல்டு பெல்லோஸ்'னு போட்டிருக்கு. பழைய துருத்தி, ஆர்கனுக்குக் காத்தடிக்கியது! தகப்பனும் தாயும் வச்ச பேரை மறைச்சிட்டுத் துருத்தின்னு சொல்லி விக்கியவன் எந்த ஊரு மரியாதைக்காரன்?

கீழ, முன்ன வாங்கினவிய ஆளுக்கொரு வரி எழுதியிருக்கினும். அத வச்சுத்தான் ஆளை நம்பணுமாம். அறுவத்தோரு பேரு நல்லவன்னு சொல்லுகினும், ஒருத்தன் மட்டும் 'சாமானம் வரத் தாமசம்'னு எழுதியிருக்கான். நான் அந்த ஒருத்தனைத்தான் நம்பினேன். மற்றவிய எல்லாம் அவனுக்க சொந்தக்காரங்களா இருக்கலாமே! எனக்கு அண்ணன் தம்பி மட்டும் ஒம்பது பேராக்கும்.

பின்ன நான் கேள்வி கேட்டேன். வாரத்துக்கு ஒருக்கா இந்தப் பஸ்ஸுல ஏறி, இன்டர்நெட் கடைக்காரனை எழுத வச்சுக் கேட்டேன். ரீடு எந்த வருசத்தது, எங்கேருந்து கழட்டினது, ஏன் கழட்டினது, கழட்டும்போ யாரு பாத்தது... எல்லாத்துக்கும் பதில் சொன்னான். பொறுமையா சொன்னான். அது இன்னும் சம்சயம். களவில்லாதவனுக்குக் கோவம் வராண்டாமா?

பாஸ்டரு கிட்ட ஒரு லெட்டர் வாங்கி அனுப்புன்னேன். அதுக்கு அவன் எழுதுகான், 'நான் கோயிலுக்குப் போறதில்லை அம்மா. ஆனா பதினேழு கோயிலுக்கு ஆர்கன் நன்னாக்கிக் குடுத்திருக்கேன்'னு. எப்பிடி இருக்கு! பதினேழு கோயிலுக்க உள்ள கேறினவன், ஒண்ணுலயும் இருந்து ஜெபிக்கல்ல.

ஆனாலும் எடுத்தேன். வேற யாரும் விலை கேக்கல்ல, பண்டிகைக்கு மூணு மாசந்தான் பாக்கி. ஜிஜா அங்கேருந்து அவனுக்குச் செக்கு அனுப்பினா. பார்சலு நேரே எனக்க வீட்டுக்கு வரும்னு சொன்னான்.

வரல்ல.

ஒரு மாசம் போச்சு. ரெண்டு மாசம் போச்சு. 'அனுப்பியாச்சு அம்மா'ன்னு எழுதுகான். அனுப்பினா எங்க போச்சு, அமரவிளை செக்போஸ்டுல கடத்தல் அரிசிச் சாக்குன்னு நெனச்சுப் பிடிச்சு வச்சிருக்கினுமா? பண்டிகை வந்து. ஜெயசிங்கு வாடகைக்குக் கீபோர்டு கொண்டு வந்தான். வாசிச்சது அவனுக்க மச்சினிச்சி நந்தனா. நான் பின்பெஞ்சில இருந்தேன். வாசிப்பு... மோசமில்ல. மோசமில்ல மக்கா, அதாக்கும் தாங்க முடியல்ல. எல்லா எடத்துலயும் சத்தம் வந்து. சனங்களுக்கு மூச்சு எடுக்க எடம் கிட்டல்ல.

திங்களாச்ச காலத்தே எறங்கி வந்து, அவனுக்கு நேர நானும் ஒரு வரி எழுத வச்சேன். 'கள்ளன். கோயில் காரியத்துல ஏமாத்தினவன்.' கடைக்காரன் கேட்டான், "டீச்சரே, இது லோகம் முழுக்கக் காணும், அழிக்க ஒக்காது, எழுதணுமா?"ன்னு. எழுதுன்னேன். காணட்டும்னேன். பஸ்ஸுல திரும்பும்போ நல்ல ஒறக்கம் வந்து.

நேத்து ஜிஜா விளிச்சா. "அம்மா, எல்மர் விட்டேக்கருக்க பார்சலை நீ ஏன் திருப்பி அனுப்பின?"ன்னு கேக்கா.

எந்த எல்மர்?

அப்பத்தான் எனக்கு... இரி, தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுகேன்.

பண்டிகைக்கு ஒரு மாசம் முன்ன, போஸ்ட்மேன் பொன்னப்பன் ஒரு சின்னப் பெட்டி கொண்டு வந்தான். அனுப்பினவன் பேரு எல்மர் விட்டேக்கர். அறியாத ஆளு. அந்தச் சமயம் பேப்பர்ல, அறியாத பார்சல் வாங்கி ஏமாந்தவங்களைப் பத்தி எழுதியிருந்து. நான் வாங்க மாட்டேன்னேன். பொன்னப்பன் சொன்னான், "அமெரிக்காவுலேருந்தாக்கும் டீச்சரே, ஒருக்கா ஜிஜா கிட்டக் கேட்டுப் பாருங்க"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அமெரிக்காவுல கள்ளன் இல்லியா பொன்னப்பா?" பெட்டி மேல இங்கிலீஷ்ல, 'அனுப்பினவரைத் தெரியாது, வேண்டாம்'னு எழுதி ஒப்புப் போட்டேன். வடிவா எழுதினேன். எனக்க கையெழுத்து நல்ல கையெழுத்து.

துருத்திக்குப் பேரு உண்டுன்னு நான் நெனைக்கல்ல மக்கா. பேரை மறைச்சவன்னு அவனை அத்தன ஏசினேனே, ஜிஜா செக்குல என்ன பேரு எழுதினான்னு கேட்டேனா? கழட்டும்போ யாரு பாத்ததுன்னு கேட்டவ, அதை மட்டும் கேக்கல்ல.

பெட்டி கடல் தாண்டி அவன் கைக்குத் திரும்பிப் போயிருக்கு, எனக்க ஒப்போட. அவன் என்ன செய்தான்? அதே பெட்டியை ஜிஜாவுக்கு அனுப்பியிருக்கான். தபால் கூலி வேண்டாம்னான். அவ கிறிஸ்மஸுக்குக் கொண்டு வாறா. அதோட விட்டானா? வாங்கினவியளைப் பத்தி விக்கியவனும் ஒரு வரி எழுதணுமாம், நான் அறியல்ல. எனக்க பேருக்கு நேர எழுதி வச்சிருக்கான்... 'கவனமான அம்மா. நம்பலாம்.'

நம்பலாமாம்! அதை அவன் எப்பம் எழுதினான்னு ஜிஜா கிட்டக் கேட்டேன். நான் கள்ளன்னு எழுதினதுக்குப் பொறவாக்கும். படிச்சிட்டுத்தான் எழுதியிருக்கான்.

ராத்திரி எனக்கு ஒறக்கமில்ல. காலத்தே கடைக்காரனைப் போன்ல விளிச்சேன். அவன் சொல்லுகான், எழுதினது எழுதினதுதான், வேணும்னா அதுக்க கீழ ஒரு வரி சேக்கலாம், எம்பது எழுத்துக்குள்ள நிறுத்தணும்னு. அதுக்காக்கும் போறேன். காலத்தேலருந்து மனசுல எழுதி எழுதிப் பாக்கேன். பொன்னப்பனைச் சேத்தா நீளுகு. பேப்பர்க்காரனைச் சேத்தா அதுலயும் நீளுகு. ஜிஜாவும் பேரைச் சொல்லல்லியேன்னு சேத்தா... நீ படிச்ச பிள்ளைதானே, நீ சொல்லு, நான் என்ன...

எழும்பியாச்சா? இது அமரவிளை இல்லியா. நீ நெய்யாற்றின்கரைக்குல்லா டிக்கெட் எடுத்த?

சரி மக்கா, பாத்து எறங்கு.

'தப்பு எனக்கது.' அம்மட்டும் போட்டா என்ன? பத்து எழுத்து கூட வராது.