பொய்ப் பெட்டி

இந்த அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது சார். கொஞ்ச நாள் முன்புவரை நீங்கள் ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டுதான் விசாரணை நடத்தினீர்கள் என்று வாசல் காவலாளி சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வேலை சிமுலேஷன். ஊருக்குள் மின்சாரம் போகிற வழியைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, எங்கே எதை வைத்தால் வோல்டேஜ் இறங்காது, நஷ்டம் குறையும் என்று சொல்ல வேண்டும். ரியாக்டிவ் பவர் என்று ஒன்று உண்டு. அது விளக்கு எரிக்காது, வெந்நீர் போடாது. ஆனால் அது போதாவிட்டால் வோல்டேஜ் படுத்துவிடும், ஏசி முக்கி முனகி நின்றுவிடும். தூரத்திலிருந்து அனுப்பினால் வந்து சேராது, பக்கத்திலேயே இருந்தால்தான் பிரயோஜனம். என் மனைவியும் அந்த ரகம்தான்.

அந்தப் பவரைக் கொடுக்க எங்களிடம் லாரியில் ஏற்றிப் போகிற பெரிய கெபாசிட்டர் ஒன்றே ஒன்று இருக்கிறது. பெட்டி என்போம். எந்த சப்ஸ்டேஷனில் நிறுத்துகிறோமோ, அந்தப் பகுதியில் வோல்டேஜ் நிமிரும். எங்கே நிறுத்தினால் லாபம் என்று கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு, ஆப்டிமைசேஷன், சொல்லும், நாங்கள் கேட்டுக்கொள்வோம். அப்போது அது என் மச்சான் குடியிருக்கும் பக்கம் நின்றது.

என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். எங்கள் வீட்டு ஏசி ஓடவில்லை, அண்ணன் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள், வரவே இல்லை. போன் பண்ணினால், "அங்க வோல்டேஜ் வந்துச்சாங்க?" என்பாள். சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கமாட்டாள். பின்னாலிருந்து மச்சான், "ஊருக்கே கரண்டு பாக்கறீங்க மாப்ள, வீட்டு ஏசியை ஓட வைக்க முடியலையே" என்று சிரிப்பார். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. அவள் இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவுதான்.

சில சமயம் சிமுலேஷன் விடை தராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது வோல்டேஜ் சரிகிற இடத்தில், கணக்குக்குள் மட்டும், ஒரு பொய்ப் பெட்டியை வைப்போம். விடை கிட்டே வந்ததும் எடுத்துவிடுவோம். எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவர் கிடையாது. நான் மச்சான் பக்கத்து சப்ஸ்டேஷனில் வைத்தேன். எடுக்க மறந்துவிட்டதாக முதல் விளக்கத்தில் எழுதியிருந்தேன். மறக்கவில்லை.

அங்கே வோல்டேஜ் அமோகமாக இருக்கிறது என்று ஆப்டிமைசேஷன் நம்பிவிட்டது. நிஜப் பெட்டி அங்கே தண்டம், அடுத்தபடியாகக் குறை உள்ள இடத்துக்கு அனுப்பு என்றது. அது எங்கள் பகுதி. நான் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை சார்.

மச்சான் பக்கம் சில அசௌகரியங்கள் ஏற்பட்டன. பல் டாக்டரின் நாற்காலி ஒருவரை மல்லாக்கச் சாய்த்தபடியே நின்றுவிட்டதாம். ஐஸ்கிரீம் கடைக்காரர் உருகுவதற்குள் தெருவுக்கே வாரி வழங்கினாராம். பிரசவ ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் வரும்வரை டார்ச் அடித்துச் சமாளித்தார்கள். தாயும் சேயும் நலமா என்று விசாரித்துக்கொண்டேன். நலம்தான்.

என் மனைவி வந்துவிட்டாள். கதவைத் திறந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பின்னாலேயே மச்சான், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு மீன் தொட்டி.

"அங்க மனுஷன் இருக்க முடியலை மாப்ள. உங்க வீடு ஜில்லுன்னு இருக்கே."

அன்றிலிருந்து ஏசி அறை அவர்களுக்கு. என் மனைவியும் அண்ணியோடு உள்ளே. நானும் மீன்களும் ஹாலில்.

அதனால் எங்கள் சப்ஸ்டேஷனிலும் ஒரு பொய்ப் பெட்டி வைத்தேன். வீடு வெந்தால் மச்சான் கிளம்புவார், அவள் என்னோடு புழுங்கிக்கொண்டாவது இருப்பாள் என்று நினைத்தேன். நிஜப் பெட்டி எங்களைவிட்டு வேறு இடம் போனது. வீடும் வெந்தது. மச்சான் நகரவில்லை. "எங்க போனாலும் இதே வேக்காடுதான் மாப்ள, இங்கயே இருந்துக்கறோம்" என்று காலை நீட்டிவிட்டார். என் மனைவிதான் சூட்கேஸை எடுத்து வைத்தாள். "நான் என் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறேங்க." இரண்டு நாள் பொறு, வோல்டேஜ் வந்துவிடும் என்று கெஞ்சி நிறுத்தினேன்.

இதற்குள் உங்கள் ஆட்கள் மச்சான் பக்கம் போய், கணக்கில் இருக்கிற பெட்டியைத் தேடியிருக்கிறார்கள். அங்கே புல் முளைத்திருந்தது. என்னை சஸ்பெண்ட் செய்தீர்கள். விசாரணை முடியும்வரை சாட்சியமான அந்தக் கணக்கில் யாரும் கை வைக்கக்கூடாது என்றும் உத்தரவு போட்டீர்கள். நல்ல உத்தரவு. பொய்ப் பெட்டிகளை எடுக்க ஆளில்லை, லாரியும் அந்தக் கணக்குப்படியே ஓடுகிறது. என் கம்ப்யூட்டரை வாங்கி வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது முறை நிஜப் பெட்டி எங்கே போனது என்று நீங்கள் கேட்கவே இல்லையே சார். இங்கேதான். இந்த ஆபீஸ், பின்னால் உங்கள் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே சப்ஸ்டேஷன். உங்கள் வீட்டில்கூட இப்போது நிம்மதியாகத் தூங்குவார்கள். அதை நினைத்து எனக்கும் வருத்தம்தான்.

நேற்று எங்கள் பக்கத்துப் பொய்ப் பெட்டியை எடுத்து, கணக்கில் இந்த சப்ஸ்டேஷனில் வைத்துவிட்டேன். நிஜப் பெட்டி எங்கள் பகுதிக்குத் திரும்புகிறது. மச்சான் இருந்துவிட்டுப் போகட்டும். பெட்டி வருகிறது என்றதும் அவள் சூட்கேஸைப் பிரித்துவிட்டாள், எனக்கு அது போதும்.

வெளியே லாரி சத்தம் கேட்கிறதா? ரிமோட்டைத் தேட வேண்டாம் சார், ஏசி அதுவாகவே நின்றுவிடும். இதில் என் சொந்த விஷயம் எதுவும் இல்லை. சிமுலேஷன் சொல்கிறபடிதான் எல்லாம் நடக்கிறது.