நாழிகை வட்டில் காணாமற்போனது குறித்து

1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 8.40 மணிக்குக் காவல் நிலையத்தில் தானாக ஆஜராகிச் சொன்னது. தலைமைக் காவலரால் எழுதப்பட்டது.

என் பெயர் சுந்தர்ராமன். வயது 53. தகப்பனார் பெயர் சேஷாத்ரி, காலமாகிவிட்டார். கல்லிடைக்குறிச்சி ஆற்றங்கரைத் தெருவில் 31ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தனியார் கல்லூரி ஒன்றில் பதினேழு வருடம் விரிவுரையாளராக வேலை பார்த்தேன். துறைத் தலைவர் பதவியை என்னைவிட ஆறு வருடம் இளையவருக்குக் கொடுத்ததால் 1988இல் ராஜினாமா செய்தேன். இது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்று தலைமைக் காவலர் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்படுகிறது.

எங்கள் ஊரில் சொர்ணாம்பாள் நினைவுக் காட்சிசாலை என்று ஒன்றை ஓர் அறக்கட்டளை நடத்தி வருகிறது. அங்கே 1989 முதல் ஒன்பது வருடமாகச் சம்பளமில்லாத் தொண்டராக இருந்து வருகிறேன். வருகிறவர்களுக்குப் பொருள்களை விளக்கிச் சொல்வது, வயதானவர்களைக் கைபிடித்து மச்சுக்கு ஏற்றிவிடுவது, பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது, ஆள் குறைந்த நாளில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பது ஆகியவை என் வேலைகள். காப்பாளர் வைத்தி என்னிடம் பி.ஏ. படித்தவர். கடைநிலை ஊழியர் மதார், வயது 48, பத்தமடையைச் சேர்ந்தவர், காட்சிசாலை திறந்த நாள் முதல் அங்கே வேலை பார்க்கிறார்.

காட்சிசாலையின் முக்கியமான பொருள் ஒரு செப்பு நாழிகை வட்டில். அடியில் ஊசித் துளை உள்ள சிறு கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியாக நீர் ஏறி, இருபத்து நான்கு நிமிடத்தில், அதாவது ஒரு நாழிகையில், முங்கும். வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்து விட அந்தக் காலத்தில் இதை வைத்துத்தான் நேரம் பார்த்தார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். நானும் மதாரும் ஒரு பெரிய பித்தளைச் சருவத்தில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு காதைப் பிடித்துக் கூடத்துக்குத் தூக்கி வருவோம். நான் வட்டிலை மிதக்கவிட்டு, அது முங்கும் வரை இந்த ஆற்றின் கதையைச் சொல்வேன். என் பேச்சு சரியாக இருபத்து நான்கு நிமிடம். கடைசியில் விளிம்பு தண்ணீரோடு சமமாகும்போது மதார், "எல்லாரும் மூச்ச அடக்குங்க, முங்கப் போவுது" என்பார். அறுபது பிள்ளைகளும் மூச்சை அடக்குவார்கள். வட்டில் முங்கும்போது தொண்டையில் ஒரு மிடறு இறங்கியது போலச் சத்தம் வரும். பதினேழு வருடக் கல்லூரி வேலையில் அப்படி ஓர் அமைதி எனக்குக் கிடைத்ததில்லை.

1992 நவம்பர் வெள்ளத்தில் காட்சிசாலைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. காப்பாளர் அம்பாசமுத்திரத்தில் இருந்தார், பாலம் தாண்டி வர முடியவில்லை. நானும் மதாரும் பொருள்களை மச்சுக்கு ஏற்றி, இரண்டு நாள் அவற்றோடு மேலேயே இருந்தோம். மதார் தன் பிளாஸ்கை நீட்டி, "சார்வாள், இதுல குடிப்பியளா?" என்று கேட்டார். குடித்தேன். அதுவரை என் டம்ளரை நான் தனியாகக் கொண்டுபோய் வந்தேன். அதற்குப் பிறகு கொண்டுபோகவில்லை. செய்தித்தாளில் பொருள்களைக் காப்பாற்றியவர் காப்பாளர் என்று வந்தது. அதை நறுக்கி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு, இனிமேல் அசல் வட்டிலைத் தண்ணீரில் விடக்கூடாது என்று காப்பாளர் உத்தரவு போட்டு, வாகைக்குளத்துப் பாத்திரக்காரரிடம் ஒரு நகல் செய்து வாங்கினார். அசல் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. 1993 பிப்ரவரியில் திசையன்விளையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நகலை முதல்முறை மிதக்கவிட்டேன். நான் பாபநாசம் அணையைக் கட்டி முடிப்பதற்குள் வட்டில் முங்கிவிட்டது. கெசியா என்ற பெண் கையைத் தூக்கி, "சார், பத்தொம்பது நிமிசந்தான் ஆவுது, நான் வாட்ச்சு பாத்துட்டேன்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். உடன் வந்த ஆசிரியையும் சிரித்தார்.

நகலின் துளை பெரிது, வேறு செய்யச் சொல்லுங்கள் என்று காப்பாளரிடம் சொன்னேன். அவர், "சின்னப் பிள்ளையளுக்கு எதுக்கு சார் சரியான மணி? முங்குனாப் போறாதா?" என்றார். நான் அவருக்கு மூன்று வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அதன் பிறகு 1993 மார்ச் மாதம், காட்சிசாலைக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை, பெயர்ச்சீட்டு எழுத வேண்டும் என்று காப்பாளரிடம் பெட்டிச் சாவியும் சேர்த்து வாங்கிப் போய், நான் தனியாக இருந்து வட்டில்களை மாற்றினேன். அதற்கு முன்பே, பரீட்சைக் காலமாகிப் பிள்ளைகள் வராத நாட்களில், நகலுக்கு உப்பும் புளியும் தடவி, ஈரச் சாக்கில் சுற்றி, இருபது நாள் என் வீட்டில் வைத்துப் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்திருந்தேன். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். அசலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் புதியது போலாக்கிச் சருவத்துக்குள் போட்டேன். பிள்ளைகளுக்குப் பொய் நேரம் காட்டக் கூடாது என்பதே என் எண்ணம். விற்கவோ வீட்டுக்குக் கொண்டுபோகவோ நினைக்கவில்லை. மதாருக்கு இது தெரியாது. சருவத்தில் கிடப்பது நகல் என்று நம்பி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் அதைப் புளி போட்டுத் துலக்கி, துண்டால் துடைத்துக் கவிழ்த்து வைப்பார். ஐந்து வருடமாக நான் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்கும். அவர் தன் மகள் படிப்பைப் பற்றிப் பேசுவார். என் ஆயுளில் நல்ல நாட்கள் எவை என்று யாரேனும் கேட்டால் அந்தத் திங்கட்கிழமைகளைத்தான் சொல்வேன். அவற்றையும் நானே கெடுத்தேன் என்பதை இனிச் சொல்கிறேன்.

இந்த வருடம் ஏப்ரலில் காட்சிசாலையின் பத்தாம் ஆண்டு விழா நடந்தது. மேடையில் மதாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பார்வையாளர் புத்தகத்தில் "மதார் அண்ணாச்சி அருமையாகச் சொன்னார்" என்று பலர் எழுதியிருப்பதைக் காப்பாளர் வாசித்தார். அவர்கள் எழுதியிருந்த விஷயங்களெல்லாம் நான் சொன்னவை, மதார் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அழைப்பிதழில் என் பெயர் இல்லை. "மற்றும் தொண்டர்கள்" என்று இருந்தது. மதார் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, "இது ஒங்களுக்குப் போட வேண்டியது சார்வாள்" என்று ஆடையை நீட்டினார். வேண்டாம் என்றேன். அதன் பிறகு மூன்று மாதம் தேவைக்கு மேல் அவரிடம் பேசவில்லை.

ஜூலை 24ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே இருக்கும் வட்டில் பத்து வருடத்துக்குள் செய்யப்பட்ட போலி என்று சொன்னார். பெட்டிச் சாவி காப்பாளரிடமும் மதாரிடமும் மட்டுமே இருப்பதால் காப்பாளர் மதார் பேரில் புகார் கொடுத்தார். மதார் தினமும் காலையில் நிலையத்துக்கு வந்து மாலை வரை வராந்தாவில் உட்கார வேண்டியதாயிற்று. காவலர்கள் காட்சிசாலை முழுவதும் தேடினார்கள். அப்போது நானும் இருந்தேன். ஒரு காவலர் சருவத்திலிருந்து வட்டிலை எடுத்துப் பார்த்து, "இது என்னவே?" என்று கேட்டார். "பிள்ளைய வெளாட்டுச் சாமான்" என்றார் காப்பாளர். காவலர் அதைத் திரும்ப உள்ளே போட்டார்.

ஏன் பதினொரு நாள் சொல்லவில்லை என்று காவல் ஆய்வாளர் கேட்டார். சொன்னால் காட்சிசாலைக்குள் இனி என்னை விடமாட்டார்கள் என்பது ஒரு காரணம். எனக்குப் போவதற்கு வேறு இடமில்லை. இன்னொரு காரணம் பொன்னாடை. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நேற்று, ஆகஸ்ட் 3ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு, மதாரின் மனைவி மைதீன் பாத்திமா என் வீட்டுக்கு வந்தார். சிபாரிசு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பிலிருந்து காட்சிசாலையின் பின்கட்டுச் சாவியை அவிழ்த்து வாசற்படியில் வைத்தார். "நாளைக்கு ஆழ்வார்திருநகரிப் பிள்ளைய வருதாம். சருவத்துல பழைய தண்ணி கெடக்கு, மாத்தணும், வட்டிலுக்குப் புளி போடணும், சார்வாளுக்கு இடுப்பு வலி, ஒத்தையில தூக்க வேண்டாம், எதுத்த வீட்டு ஆளக் கூப்பிடச் சொல்லுன்னு அவுக சொல்லிவிட்டாவ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தயாராக வைத்திருந்த வாக்கியத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அதன் பிறகு இன்று காலை பின்கட்டைத் திறந்து, சருவத்தையும் வட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் இங்கே வந்தேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஆய்வாளர், "சிநேகிதனக் காப்பாத்த நீங்க கத கட்டலன்னு என்ன சார் நிச்சயம்?" என்று கேட்டார். வாயால் சொல்வதற்கு நிச்சயம் கிடையாது, தண்ணீரில் விட்டுப் பாருங்கள் என்றேன். பெட்டியிலிருந்து கைப்பற்றிய வட்டிலும் நிலையத்தில்தான் இருந்தது. அதன்பேரில் எழுதுவது நிறுத்தப்பட்டது. முற்றத்தில் நான் கொண்டுவந்த சருவமும், நிலையத்து வாளி ஒன்றும் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி வைக்கப்பட்டன. 9.50க்கு, நான் கொண்டுவந்தது சருவத்திலும் பெட்டியில் இருந்தது வாளியிலுமாக, இரண்டு வட்டில்களும் ஒரே நேரத்தில் விடப்பட்டன. வராந்தாவிலிருந்து மதாரை அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் சொன்னது அவருக்கு அதுவரை தெரியாது.

பத்தொன்பதாம் நிமிடம் வாளியில் விட்டது முங்கியது. சருவத்தில் விட்டது மிதந்துகொண்டிருந்தது. காவலர் ஒருவர், "இது முங்காது போலிருக்கே" என்றார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த நேரத்தில் எனக்குப் பேச எதுவும் இல்லை. மதார் முங்கிய வட்டிலையும் முங்காத வட்டிலையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இருபத்து மூன்று நிமிடம் தாண்டியதும் விளிம்பு தண்ணீரோடு சமமாயிற்று. அப்போது மதார், கேட்பதற்கு ஆளில்லாதது போலப் பைய, "மூச்ச அடக்குங்க" என்றார். காவலர்களும் அடக்கினார்கள். வட்டில் முங்கியது. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இருபத்து நான்கு என்றார்.

மதார் சருவத்துக்குள் கையை விட்டு வட்டிலை எடுத்து, வழக்கம்போலத் துண்டால் துடைத்தார். கவிழ்த்து வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "இதயா சார்வாள் நான் அஞ்சு வருசமாப் புளி போட்டுத் தேச்சேன்?" என்று கேட்டார்.

நிபுணரைத் திரும்ப வரவழைப்பதாகவும், மதார் வீட்டுக்குப் போகலாம் என்றும் ஆய்வாளர் சொன்னார். இரண்டு வட்டில்களும் நிலையத்தில் வைத்துக்கொள்ளப்பட்டன. மதார் வீட்டுக்குப் போகவில்லை. "பதினோரு மணிக்குப் பிள்ளைய வந்துரும். தேங்காச் செரட்டையில தொளை போட்டாவது காட்டுதேன்" என்று சொல்லி, சருவத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார். நான் எழுந்து ஒரு காதைப் பிடிக்கப் போனேன். அவர் அதற்குள் பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்து, "அண்ணாச்சி, அந்தக் காதக் கொஞ்சம் புடிங்க" என்றார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்கள்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "பழைய நண்பர் மதார்" என்று இருந்ததை "ஊழியர் மதார்" என்று மாற்றச் சொன்னேன், மாற்றப்பட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
சே. சுந்தர்ராமன்
4.8.1998