எலியின் எண்

டீ நன்றாக இருக்கிறது, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

ரசாயனங்களுக்குப் பாதுகாப்புச் சான்று தரும் அலுவலகம் எங்களுடையது. முதல் ஏழு வருடம் நான் எலிக்கூடத்தில் இருந்தேன். ஊசியோடு போனால் எலிகள் மூலையில் ஒண்டிக்கொள்ளும், பார்க்கச் சகிக்காது. அதனால்தான் அந்தக் கணினி மாடலை எழுதினேன். ஒரு ரசாயனம் தோல் வழியே போனால் ரத்தத்தில் எவ்வளவு ஏறும், ஈரல் அதை எவ்வளவு நேரத்தில் கழிக்கும் என்று எலியே இல்லாமல் கணக்குப் போட்டுச் சொல்லும். நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் உழைத்தேன்.

முதலில் வந்தது எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்கும் ஒரு திரவம். மனித ஈரல் செல்களில் செய்த சோதனையின் முடிவு வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. அதுவரை மாடலை ஓட்டிப் பார்க்க, எலிகளில் முன்பே அளந்த பழைய எலி எண்ணைப் போட்டு வைத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். எலியின் ஈரல் அதை மூன்று மணி நேரத்தில் பாதியாக்கிவிடும்.

அந்த வாரம் சான்று அறிக்கையின் அச்சுப்படி வந்தது. மாடலை உருவாக்கியவர் என்ற இடத்தில் எங்கள் இயக்குநரின் பெயர். போய்க் கேட்டேன்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல செஞ்சது ஆபீஸுக்குத்தானே தம்பி. எலிக்கூண்டு கழுவிட்டிருந்த உங்கள நாற்காலில உட்கார வச்சதே நான்தான், மறந்துடாதீங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

மறுநாள் மனித எண் வந்தது. அதைப் பாதியாக்க நம் ஈரலுக்குப் பதினொரு நாள். தினமும் தொட்டால் உடம்பில் ஏறிக்கொண்டே போகும். அந்தத் தாளை மடித்து மேசை டிராயரில் வைத்தேன். இயக்குநர் எலி எண்ணுக்கே கையெழுத்துப் போட்டார். கையுறை தேவையில்லை என்று டப்பாவிலேயே அச்சடித்தார்கள்.

பிறகு காத்திருந்தேன். ஒருவர் இருவர் படுத்தால் குடிப்பழக்கம் என்று மூடிவிடுவார்கள். இயக்குநர் எழுந்திருக்க முடியாதபடி விழ வேண்டுமென்றால் அது போதாது. பட்டறைகளிலிருந்து ஆள் படுத்த செய்தி வரவர நோட்டில் ஆளுக்கொரு கோடு போட்டேன்.

எங்கள் அலுவலகத் தரைக்கும் அதே திரவம்தான். தரை துடைக்கும் அக்கா ஒருநாள் என் மேசைக்கு வந்தார். எலிக்கூடத்துக் காலத்திலிருந்து என் சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்துக் கழுவித் தருபவர்.

"எலித் தம்பி, கண்ணு மஞ்சளா இருக்குன்னு என் பொண்ணு பயப்படுறா. இந்தத் தண்ணியால இருக்குமோ? நீ படிச்சவன், சொல்லேன்."

"டப்பாவுல எழுதியிருக்குல்லக்கா. டைரக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு. ஒண்ணும் ஆகாது."

நிம்மதியாகப் போய் வாளிக்குள் கையை விட்டுத் துணி பிழிந்தார். எட்டாவது கோடு அவர்.

பதினான்காவது கோட்டில் விசாரணை வந்தது. அதற்குள் ஆறு பேர் போய்விட்டார்கள், அக்காவும்தான். இயக்குநரைப் போலீஸ் வண்டியில் ஏற்றியபோது கண்குளிரப் பார்த்தேன். நியாயமாக நான் அதோடு வாயைப் பொத்திக்கொண்டிருக்கலாம்.

ஆனால் மாடலை நம்ப முடியாது என்று முடிவெடுத்து, பழையபடி ஊசி போட்டுச் சோதிக்க ஐந்நூறு எலிகளுக்கு அலுவலகத்தில் ஆர்டர் போட்டிருக்கிறார்களாம். அதற்காகத்தான் உங்களிடம் வாக்குமூலம் கொடுக்க வந்தேன். இதோ அந்தத் தாள். மனித எண் வந்த அன்றைக்கே அதைப் போட்டு மாடலை ஓட்டிப் பார்த்தேன். தினமும் கை நனைப்பவருக்கு எட்டாம் மாதம் ஈரல் கெடும் என்றது. அக்கா படுத்தது எட்டாம் மாதம்தான். மாடலில் தப்பே இல்லை.

உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அந்த எலிகளை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் சார், பாவம், வாயில்லா ஜீவன்கள்.