மூன்று மீட்டர் பின்னால்

உட்காரச் சொன்னதற்கு நன்றி. எங்கள் குவாரி ஆபீஸ் நாற்காலிக்கு இது எவ்வளவோ மேல். அதில் அரைமணி உட்கார்ந்தால் முதுகு கழன்றுவிடும்.

நான் சர்வேயர். என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் குஷியாகிவிடுவேன். செயற்கைக்கோளை மட்டும் நம்பினால் இடம் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். அதனால், இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு தூணின் மேல் கருவி ஒன்றை வைத்துவிடுவோம். இப்போது எவ்வளவு பிசகுகிறது என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். புல்டோசரில் இருக்கும் கருவி அதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்புறம் இரண்டு விரல் அகலம்கூடத் தப்பாது.

புல்டோசரை ஓட்டியவர் என் தங்கை புருஷன். கற்குவியலைப் பள்ளத்தின் விளிம்புவரை தள்ளிக் கொட்ட வேண்டும். விளிம்பைத் திரையில் ஒரு சிவப்புக் கோடு காட்டும். முதலில் அவர் அதை நம்பவேயில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித்தான் ஓட்டுவார்.

"உங்க டப்பாவை நம்பி உள்ள விழணுமா மச்சான்?"

"பழகிப் பாருங்க மாப்பிள்ளை. அப்புறம் விடமாட்டீங்க."

பழகினார். பனிமூட்டத்தில்கூடத் திரையைப் பார்த்தே ஓட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூவருக்கும் ஒரே வீடு. பாத்திரம் யார் கழுவுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. ஒருநாள் சாப்பிடும்போது, வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, இருவரும் கிளம்புகிறோம் என்றார்.

"நீங்களும் காலாகாலத்துல ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோங்க மச்சான்."

தங்கையும் சிரித்தாள். அப்பா அம்மா போனபிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டவன் நான். என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்.

அடுத்து பனி இறங்கிய காலையில், தூண் இருக்குமிடத்தைக் கருவியில் மூன்று மீட்டர் பின்னால் தள்ளிப் பதிந்தேன். பள்ளத்தை விட்டு விலகும் பக்கமாக. விளிம்பிலேயே நின்றாலும், இன்னும் மூன்று மீட்டர் இருக்கிறது என்று திரை காட்டும். டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்.

"ஒண்ணுமே தெரியல மச்சான். கோடு சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கு மாப்பிள்ளை. தைரியமாப் போங்க."

என்ஜின் சத்தம் கீழே இறங்கி நின்றதும், பதிவைப் பழையபடி சரிசெய்தேன். மற்ற டிரைவர்கள் வரும் நேரம். யாருக்காவது அடிபட்டுவிட்டால்?

இவ்வளவுதான் சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? வெளியே பெஞ்சில் என் தங்கை இருப்பாள், சாப்பிட்டிருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் விட்டீர்களென்றால் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன். பாவம், இனிமேல் என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?