பதினாலாம் ஜூலைக்குள் ஒரு நடுக்கம்

பூசணிக்கொடிக்கு மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினால் நன்றாகக் காய்க்கும், முசியே கொமிசேர். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரோரம் தவக்காலத்தில் விதை போட்டேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் காய் மீந்தது. போலீஸ் கச்சேரியில் நீங்கள் கேட்டது சுவரைப் பற்றி, இவன் பூசணிக்காயைப் பற்றிச் சொல்கிறானே என்று பார்க்கிறீர்கள். அங்கிருந்து தொடங்கினால்தான் கோவையாக வரும். எழுதுகிறவனுக்குத் தொடக்கம் முக்கியம்.

என் பெயர் அமலநாதன். நகரசபையில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிவு செய்யும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் பாதிப் பேருடைய பெயரை முதன்முதலில் மையில் எழுதியவன் நான்தான். ஆனால் ஒருவராவது படித்துவிட்டு அடடா என்றதில்லை.

போன வருஷம் பீகாரில் பூமி பிளந்தது அல்லவா? பத்திரிகைகளைப் படித்து, பிரெஞ்சுப் புத்தகங்களிலும் கொஞ்சம் பொறுக்கி, 'பூமி நடுக்கமும் புதுவை வாசிகளும்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டேன். பீகாரில் ஆடிய நிலம் புதுச்சேரியில் ஆடாது என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? கீழே கடற்கரை மணல், பக்கத்தில் உப்பரித்த சுவர், தலைக்கு மேல் தேக்கு உத்திரம். நடுங்கினால் எங்கே ஓடுவது, எதை எங்கே வைப்பது என்று விளக்கமாக எழுதினேன். நல்ல புத்தகம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஆனால் இதை ஊரே சொன்னது.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் என் புத்தகத்தை விரித்து உதட்டை அசைத்துப் படிக்கிறார். பயப்பட வேண்டும் என்று நான் எழுதிய இடத்தில் பயப்படுகிறார். அன்று வீடு வந்து சேர்ந்தது எப்படி என்றே எனக்குத் தெரியாது. மீன்காரி மணியம்மாள் கூடையை இறக்கிவிட்டுக் கும்பிட்டாள்.

"தலைக்கு மேல எதயும் தொங்க விடாதன்னு நீங்க எழுதுனத எம்மவன் படிச்சான் ஐயா. உறியக் கழட்டிப் போட்டுட்டேன். பூனதான் நல்லா கொழுத்துப்போச்சு."

முப்பது வருஷம் எழுதியும் ஒரு பூனைகூடக் கொழுத்ததில்லை. அன்று அவளிடம் வாங்கிய மீனுக்கு நான் பேரம் பேசவில்லை.

இந்த வருஷம் மே கடைசியில் வடக்கே குவெட்டா நகரம் நடுங்கி இடிந்து விழுந்தது. செத்தவர்களுக்காக மாதா கோயிலில் பூசை வைத்தேன். அன்று மாலையே அச்சுக்கூடத்துக்காரர் வந்து இரண்டாம் பதிப்பு கேட்டார். அதற்கு எழுதிய முன்னுரையில்தான் அந்த வாக்கியம் வந்து விழுந்தது. பதினாலாம் ஜூலைப் பிரெஞ்சுப் பண்டிகைக்குள் நம் புதுவையிலும் ஒரு நடுக்கம் உண்டு. ஏன் அந்தத் தேதி என்று கேட்பீர்கள். வாக்கியத்துக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஊரே பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. பணக்காரர் வீட்டு அம்மாள்கள்கூட வானத்தைப் பார்த்துப் படுத்தார்கள். நான் தெருவில் போனால் எழுந்து நிற்பார்கள். ஜூன் முழுவதும் எனக்குத் தேன்நிலவு மாதிரி இருந்தது.

ஜூலை பிறந்தது. நிலம் அசையவில்லை. ஒரு மழை வந்ததும் ஒவ்வொரு வீடாகப் பாய் உள்ளே போனது. மணியம்மாள் உறியைத் திரும்பக் கட்டிவிட்டாள். கோயில் வாசலில் ஒருவன், "என்னா ஐயா, பூமிக்கு லீவு குடுத்துட்டீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வீட்டுக்கு வந்து அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதினாலாம் தேதி தாண்டிவிட்டால் நான் பழையபடி குமாஸ்தாதான்.

நம்பிக்கை மாறாதவன் ஒருவன் இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அலெக்சாண்டர், என் பால்ய சிநேகிதன். சைகோனில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு வந்தவன். மனைவி இல்லை, மகன் அங்கேயே தங்கிவிட்டான். முதல் பதிப்பு வந்தபோது அதிகம் கேலி செய்தவன் அவன்தான். குவெட்டாவுக்குப் பிறகு என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அமலு, தெரியாம சிரிச்சுட்டம்ப்பா. இனிமே மத்தியானத் தூக்கங்கூட எனக்கு வெளியதான். ஈஸிசேர எங்க போடட்டும், சொல்லு."

"சொவத்தோரமாப் போடு. நெழலா இருக்கும்."

"சொவத்துக்கிட்ட போகாதன்னு நீதான எழுதியிருக்க?"

"அது பழைய கருத்து. அடுத்த பதிப்புல மாத்துறேன்."

அவன் உடனே ஒத்துக்கொண்டான். வாசகன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இப்போது பூசணிக்கொடிக்கு வருகிறேன். மீன் தண்ணீர் பட்டுப் பட்டு அடிச்சுவரில் சுண்ணாம்பு மாவாக உதிர்வதை நான் ஒரு நாள் கவனித்தேன். விதை போட்டபோது மனதில் எதுவும் இல்லை, மாதா சாட்சி. கவனித்த பிறகு கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன். என் மனைவி அந்தோணிமேரி கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, சொவத்துக்கா ஊத்துறீங்க? செடி இந்தப் பக்கம் இருக்குது."

"வேரு அந்தப் பக்கம் போயிருக்கு" என்றேன். அவளும் என் பேச்சை நம்புகிறவள்தான். எனக்கு நல்ல குடும்பம்.

இந்த ஊரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மதியம் சாப்பிட்டதும் கடை, சர்க்கார் கச்சேரி எல்லாம் சாத்திவிட்டு ஊரே தூங்கும். வெளியூர்க்காரன் அந்த நேரத்தில் வந்தால் ஊர் காலியாகிவிட்டது என்று நினைப்பான். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கையில், அந்தத் தூக்க வேளையில்தான் சுவர் விழுந்தது. சத்தம் கேட்டு எல்லாரும் அடித்துப் புரண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். விழித்திருந்தவர் ஒருவருமில்லை. ஆனால் ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். கட்டில் தொட்டில் மாதிரி ஆடியதாம். குடத்துத் தண்ணீர் வட்டமிட்டுத் தளும்பியதாம். அத்தனையும் என் மூன்றாம் அத்தியாயம், வார்த்தை பிசகாமல். எதிர்வீட்டு வசந்தாம்மாள், நான் எழுத மறந்ததையும் சேர்த்துச் சொன்னார். நீங்களும் உங்கள் கட்டில் நகர்ந்ததாகச் சொன்னீர்களாம், கேள்விப்பட்டேன். மிக்க நன்றி.

அலெக்சாண்டரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். முகத்தில் பயமே இல்லை, தூங்குகிற முகம். அடக்கத்துக்கு அவ்வளவு கூட்டம். பாதிப் பேர் கையில் என் புத்தகம். சிநேகிதனை இழந்தவன் என்று எனக்கு வழிவிட்டு நின்றார்கள். நானும் மனதார அழுதேன். அவனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். கொடைக்கானல் மலையில் பூமி நடுக்கத்தைக் குறிக்கும் கருவி இருக்கிறதாம். அன்று இந்தப் பக்கத்தில் ஒரு சிறு அதிர்வுகூட இல்லை என்று அங்கிருந்து தகவல் வந்துவிட்டது. உடனே நீங்கள் கொத்தனார் கலியபெருமாளைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். போன வருஷம் அந்தச் சுவருக்குப் பூசியவன் அவன், அதனால் கலவையில் மோசம் செய்துவிட்டான் என்று வழக்கு. அவன் மனைவி ஜெயம் என் வாசலில் வந்து விழுந்தாள்.

"பொஸ்தகம் எழுதுன ஐயா நீங்க. நெலந்தான் ஆடுச்சின்னு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சாமி. அவரு கலவையில கைவச்ச ஆளு இல்ல."

என் மனம் இளகிவிட்டது. நான் கல் நெஞ்சக்காரன் அல்ல. அவளை எழுப்பி, மோர் கொடுத்து, பூசணிக்காயும் ஒன்று கொடுத்தனுப்பிவிட்டு இங்கே வந்தேன்.

கலியபெருமாள் நல்ல கொத்தனார். அவன் பூச்சு இன்னும் இருபது வருஷம் தாங்கும். அதனால்தான் அவன் பூசிய மட்டத்துக்குக் கீழே, கொடி மறைத்த இடமாகப் பார்த்து, கல் வரிசைகளை உளியால் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். எங்கள் பக்கம் விழக்கூடாது என்று சவுக்குக் கழிகளை முட்டுக்கொடுத்தேன். பந்தலுக்கு என்று அந்தோணிமேரியிடம் சொன்னேன். அன்று மதியம் அந்தப் பக்கம் ஈஸிசேர் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய குறட்டையும் கேட்டது. குறட்டை சீராகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஒரு கழியைத் தோளில் அண்டக் கொடுத்து ஒரே தள்ளு. முதலில் மெதுவாகத்தான் சாய்ந்தது.

ஆள் இல்லாத இடத்தில் தள்ளியிருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. ஆனால் வெறும் சுவர் விழுந்தால் பழைய சுவர் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். ஆள் சாகாத பூகம்பத்தை யார் நம்புவார்கள்?

எனக்கு எந்த வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. ஓர் ஏழைக் கொத்தனாரைக் காப்பாற்றவே வந்தேன், வேறு ஆசை கிடையாது. இங்கே எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் குமாஸ்தா ஐயாவிடம் சொல்லி, சுவரைச் சாய்த்தவன் என்று எழுதியிருக்கும் இடத்தில் கலியபெருமாள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை முழுதாகப் போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டு முதலிலிருந்து ஒருமுறை உரக்கப் படிக்கட்டும். ஜன்னலையும் திறந்து வையுங்கள், வெளியே நிறையப் பேர் நிற்கிறார்கள்.